பழைய இஸ்வாராவில் ஸ்பார்க் எங்கே நின்றது?

ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை என்று பினாங்கில் யாரிடம் சொன்னாலும் பதில் தயாராக இருக்கும்: பிளக், காயில், டிஸ்ட்ரிபியூட்டர். மூன்றையும் மாற்றிக்கொண்டே போனால் பெரும்பாலும் ஏதோ ஒன்றில் வண்டி பிடித்தும் விடும். பல நூறு வெள்ளி போன பிறகு எதனால் பிடித்தது என்பது மட்டும் தெரியாது. என் பழைய புரோட்டோன் இஸ்வாரா காரில் அந்த மூன்றுமே நல்ல நிலையில் இருந்தன. வண்டியைச் சாய்த்தது டேஷ்போர்டுக்குள் யாரும் எட்டிப் பார்க்காத ஒரு சின்ன ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச். அதைக் கண்டுபிடித்த முறை எந்தப் பழைய வண்டிக்கும் பொருந்தும் என்பதால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

வண்டி அப்பா வாங்கியது. புரோட்டோன் சாகா 1985-இல் வந்தது. அதன் முகத்தை மாற்றி 1992-இல் வெளியிட்டதுதான் இஸ்வாரா. என்னிடம் இருப்பது பின்கதவு மேலே திறக்கும் ஏரோபேக். மிட்சுபிஷியின் 4ஜி15 எஞ்சின், 1.5 லிட்டர், கார்புரேட்டர். எஞ்சினை நிர்வகிக்கக் கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. அதனால் ஸ்கேனர் செருகிப் பழுதுக் குறியீடு படிக்கும் வேலையும் இல்லை. எனக்கு இது வசதியாகவே படுகிறது. எல்லா வயரும் கண்ணுக்குத் தெரியும், கையால் தொட்டுப் பார்க்கலாம்.

முதலில் வந்தது வந்து வந்து போகும் கோளாறு. மதிய வெயிலில் ஜாலான் மஸ்ஜிட் நெகிரி நெரிசலில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது எஞ்சின் சட்டென்று அணையும். பெட்ரோல் தீர்ந்தால் வண்டி இருமி, குலுங்கி நிற்கும். இது அப்படியில்லை, சுவிட்சை அணைத்தது போல நிற்கும். ஓரம் கட்டி, ஒரு தே ஓ ஐஸ் குடித்துவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் ஒன்றும் நடக்காதது போலப் பிடித்துக்கொள்ளும். பக்கத்துக் கடைப் போமனிடம், அதாவது மெக்கானிக்கிடம், சொன்னேன். வண்டியைப் பார்க்காமலேயே, “மாட்யூல்மா. சூடானா போயிடும், ஆறினா வந்துடும். டிஸ்ட்ரிபியூட்டரோட மாத்திடு” என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் உட்கார்ந்திருக்கும் இக்னிஷன் மாட்யூல் சாகும்போது இதே குணத்தைத்தான் காட்டும்.

அப்புறம் ஒரு இரவு நல்ல மழை. காலையில் ஜெலுத்தோங் ஃபிளாட்டின் கீழே வண்டி அடியோடு மறுத்துவிட்டது. வந்து வந்து போகும் கோளாறைவிட முழுதாய்ச் செத்த கோளாறு மேல். அது ஓடி ஒளியாது. சோதிக்கிற நேரம் முழுக்க நம்மோடு இருக்கும்.

ஸ்பார்க்கா பெட்ரோலா என்பதை முதலில் பிரிக்க வேண்டும். கார்புரேட்டர் வண்டியில் இது சுலபம். ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றி, எஞ்சின் அணைந்திருக்கும்போது உள்ளே பார்த்தபடி த்ராட்டிலைக் கையால் இழுத்தால் மெல்லிய பெட்ரோல் தாரை பீச்ச வேண்டும். எனக்குப் பீச்சியது. கொஞ்ச நேரம் சுற்றவிட்டுப் பிளக்கைக் கழற்றினேன். நுனி ஈரம், பெட்ரோல் வாடை. பெட்ரோல் வருகிறது, எரியவில்லை. பிறகு மூடியைத் திரும்பப் போட்டுவிடுங்கள். திறந்த கார்புரேட்டருக்குப் பக்கத்தில் ஸ்பார்க் சோதனை செய்யக் கூடாது.

ஸ்பார்க் பார்ப்பதற்குப் பலர் பிளக் வயரைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு எஞ்சின் பக்கம் நீட்டுவார்கள். வேண்டாம். அங்கே வருவது இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல். வழியில்லாமல் அந்த மின்சாரம் உள்ளேயே திரும்பிக் காயிலின் காப்பையோ மாட்யூலையோ துளைத்துவிடவும் கூடும். ஒரு பழைய பிளக்கை வயரில் செருகுங்கள். அதன் உலோக உடம்பை ஜம்பர் கேபிளால் எஞ்சினின் வெறும் இரும்பில் கவ்வவிட்டு, பிளக் துளையிலிருந்து தள்ளி வையுங்கள். வேறொருவர் சாவியைத் திருப்பட்டும். நீங்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பாருங்கள். நல்ல ஸ்பார்க் நீலமாக இருக்கும், ‘டிக் டிக்’ என்று காதில் கேட்கும். மஞ்சளாக, இழைபோல இருந்தால் பலவீனம்.

எனக்கு எதுவும் தெரியவில்லை. நான்கு வயரில் எதைச் சோதித்தாலும் இல்லை. நான்கிலும் ஒரே நேரத்தில் இல்லை என்றால் பிளக்கையும் பிளக் வயரையும் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். நான்கு பிளக் சேர்ந்து ஒரே இரவில் சாகாது. பழுது எல்லாருக்கும் பொதுவான பாதையில் இருக்கிறது.

அந்தப் பாதையை இரண்டாகப் பிரித்துக்கொண்டால் தலைவலி பாதி குறையும். நடுவில் இருப்பது காயில். பேட்டரியிலிருந்து சாவி சுவிட்ச், ஃபியூஸ் வழியாகக் காயிலுக்கு 12 வோல்ட் வருகிறது. காயிலின் மறுமுனையை டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் மாட்யூல் எர்த்தோடு சேர்த்துச் சேர்த்துப் பிரிக்கிறது. இது தாழ்வோல்ட் பாதி. ஒவ்வொரு முறை பிரிக்கும்போதும் காயிலில் உயர்வோல்ட் பிறந்து, நடுவயர் வழியாக டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குப் போய், சுழலும் ரோட்டார் அதை 1-3-4-2 என்ற வரிசையில் பிளக்குகளுக்குப் பங்கிடுகிறது. இது இரண்டாவது பாதி.

ஆகவே அடுத்த சோதனை நடுவயரில். மூடியிலிருந்து அதைப் பிடுங்கி அதே பழைய பிளக்கைச் செருகிப் பார்க்க வேண்டும். இங்கே ஸ்பார்க் இருந்து பிளக்குகளில் இல்லையென்றால் குற்றவாளி மூடியோ ரோட்டாரோதான். மழைக்காலத்தில் இதுதான் அதிகம். மூடியின் உட்புறம் ஈரம் கோத்திருக்கும், அல்லது பென்சிலால் கிறுக்கியது போல மெல்லிய கருங்கோடு ஓடியிருக்கும். ஈரமென்றால் துடைத்து, டபிள்யூடி-40 அடித்து உலரவிட்டால் போதும். கருங்கோடு விழுந்துவிட்டால் மூடியை மாற்றத்தான் வேண்டும். மின்சாரம் அந்தக் கோட்டை விடவே விடாது. மூடியின் நடுவில் ரோட்டாரைத் தொடும் சின்னக் கரிக்கட்டை தேய்ந்து காணாமல் போயிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

என் நடுவயரிலும் ஸ்பார்க் இல்லை. அப்படியானால் காயிலும் அதற்கு முன்னால் உள்ளதும்தான்.

மூடியைக் கழற்றியிருக்கும்போதே சாவியைத் திருப்பச் சொல்லி ரோட்டார் சுழல்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. டிஸ்ட்ரிபியூட்டரைச் சுழற்றுவது கேம் ஷாஃப்ட். கேம் ஷாஃப்டைச் சுழற்றுவது டைமிங் பெல்ட். ஸ்டார்ட்டர் சுற்றும்போது ரோட்டார் அசையாமல் நின்றால் பெல்ட் அறுந்திருக்கலாம். அப்போது சாவியை மேலும் மேலும் திருப்பக் கூடாது. ஸ்பார்க்கைத் தேடுவதையும் விட்டுவிட்டு பெல்ட்டைப் பார்க்க வேண்டும். ஒரு காசு செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் காயில் வாங்கப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். என் ரோட்டார் ஒழுங்காகச் சுழன்றது.

காயிலின் வயர்களைக் கழற்றி மீட்டரில் ஓம் பார்த்தேன். இந்த வகைக் காயிலில் பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் நடுவே ஓர் ஓம், சற்றுக் கூடக்குறைய இருக்கும். பிளஸ்ஸிலிருந்து நடுத் துளைக்கு பத்தாயிரம் ஓம் என்ற கணக்கில் வரும். துல்லியமான எண் காயிலுக்குக் காயில் மாறும், ஆனால் அறுந்துபோன காயிலும் ஷார்ட் ஆன காயிலும் இதில் மாட்டிக்கொள்ளும். என்னுடையது இரண்டிலும் தேறியது. வயரைத் திரும்ப மாட்டி, சாவியை ‘ஆன்’ நிலையில் வைத்து, காயில் பிளஸ்ஸில் வோல்ட் பார்த்தேன். 12.3. குறையில்லை.

காயில் சரி, 12 வோல்ட் சரி, ரோட்டார் சரி. மிச்சமிருப்பது மாட்யூல். போமன் சொன்னதும் அதுதான். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் டிஸ்ட்ரிபியூட்டரின் விலையை விசாரித்தேன். புதிது ஒரு விலை. பொத்தோங் கடையில் விபத்து வண்டியிலிருந்து கழற்றியது அதில் பாதிக்கும் கீழே. இரண்டிலும் ஒரே நிபந்தனை: மின்சாரச் சாமான், மாட்டிய பிறகு திரும்ப எடுக்க மாட்டார்கள்.

வாங்கும் முன் பிறை தொழிற்சாலை ஒன்றில் சார்ஜ்மேனாக இருந்து ஓய்வுபெற்ற என் மாமாவுக்குப் போன் போட்டேன். அவருக்குக் காடி ரிப்பேர் தெரியாது. தெரிந்ததெல்லாம் மின்சாரம். பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில் மோட்டார் சைக்கிளோடு வந்து இறங்கினார். கார் ஏற்றுவதை நிறுத்தியபின் அந்த ஃபெரி மோட்டார் சைக்கிள்காரர்களுக்கும் நடப்பவர்களுக்கும்தான். கூடையில் அவருடைய மீட்டர், பழைய பிரேக் விளக்கு பல்பு ஒன்று, முதலை வாய் கிளிப் மாட்டிய வயர்கள்.

நான் என் சோதனைகளை எல்லாம் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “லோட் போட்டுப் பாத்தியாம்மா?” என்றார்.

“சாவி ஆன்ல வெச்சுத்தான் பாத்தேன் மாமா. 12.3 காட்டுது.”

“வண்டி நிக்கும்போது மாட்யூல் காயிலுக்குக் கரண்டே விடாது. கரண்டு ஓடாத வயர்ல எவ்ளோ பெரிய அடைப்பு இருந்தாலும் மீட்டர் 12 தான் காட்டும். திறக்காத பைப்புல பிரஷர் இருக்கிற மாதிரி. திறந்து பாரு, தண்ணி வருதா சொட்டுதான்னு தெரியும்.”

பிரேக் பல்பின் ஒரு வயரைக் காயில் பிளஸ்ஸிலும் மற்றதை எஞ்சின் இரும்பிலும் மாட்டினார். 21 வாட் பல்பு. 12 வோல்ட் சரியாக வந்தால் கண் கூசும். அது மங்கிச் சிவந்தது, அவ்வளவுதான். மீட்டரை அதே இடத்தில் வைத்தோம்: 4 வோல்ட்டுக்குச் சற்று மேல். பல்பைக் கழற்றினால் மறுபடியும் 12.3. எனக்கு இந்தப் பழுது முழுவதிலும் மறக்க முடியாதது அந்த எண் ஏறி இறங்கியதுதான். டிஜிட்டல் மீட்டர் தனக்காக எடுத்துக்கொள்ளும் மின்னோட்டம் மிகமிகச் சொற்பம். ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருக்கும் வயரிலும் அது முழு வோல்ட்டைக் காட்டிவிடும். காயிலுக்கோ பல ஆம்பியர் வேண்டும்.

மாட்யூல் நல்லதா என்று உறுதிசெய்ய அடுத்த வேலை. ஃபியூஸ் மாட்டிய ஒரு வயரால் பேட்டரி பிளஸ்ஸைக் காயில் பிளஸ்ஸோடு நேரடியாக இணைத்துச் சாவியைத் திருப்பினோம். உடனே பிடித்தது! இதை நீங்களும் செய்து பார்ப்பீர்கள் என்றால் இரண்டு எச்சரிக்கை. இந்த வயர் இருக்கும்வரை சாவியை அணைத்தாலும் எஞ்சின் நிற்காமல் போகலாம். வயரைப் பிடுங்க வேண்டியிருக்கும். எஞ்சின் ஓடாதபோது இணைப்பை விட்டு வைத்தால் காயிலும் மாட்யூலும் சூடாகும் அபாயம் உண்டு. சோதனைக்கு மட்டும், சில நிமிடம் மட்டும். இதை வைத்தே வீட்டுக்கு ஓட்டிப் போகிறவர்களும் உண்டு. மோதல் ஒன்று நடந்து எஞ்சினை அணைக்க முடியாமல் போனால் என்ன ஆகும் என்று யோசித்தால் அந்த எண்ணம் வராது.

பழுது பேட்டரிக்கும் காயிலுக்கும் நடுவில் என்று ஆகிவிட்டது. எங்கே என்பதற்கும் மாமாவிடம் வழி இருந்தது. பல்பைக் காயில் பிளஸ்ஸில் எரியவிட்டபடியே, மீட்டரின் சிவப்பு முனையைப் பேட்டரி பிளஸ்ஸில் நிரந்தரமாகக் கவ்வவிட்டார். கருப்பு முனையை நான் ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டுக்கொண்டு போனேன். அந்தத் தூரத்தில் எவ்வளவு வோல்ட் தொலைகிறது என்பதை மீட்டர் நேராகச் சொல்லும். நல்ல பாதையில் அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். ஃபியூஸ் பெட்டியில் கிட்டத்தட்ட பூஜ்யம். சாவி சுவிட்சுக்குள் போகும் வயரில் கொஞ்சம். சுவிட்சிலிருந்து வெளியே வரும் வயரிலும் அரை வோல்ட்டைத் தாண்டவில்லை. பழைய வண்டிகளில் சாவி சுவிட்சின் உட்தொடுப்பு கருகுவது சகஜம் என்பதால் அதைத்தான் நான் எதிர்பார்த்தேன். அது இல்லை. அதற்கடுத்துக் காயிலில் வைத்தால் 8 வோல்ட் காணாமல் போகிறது. சுவிட்சுக்கும் காயிலுக்கும் இடையில், டேஷ்போர்டின் அடியில்.

படுத்துக்கொண்டு டார்ச் அடித்தேன். தொழிற்சாலை சுற்றி அனுப்பிய வயர்க்கட்டுக்கு வெளியே, கறுப்பு டேப் சுற்றிய ஒரு கொத்து தொங்கியது. டேப்பின் பசை உருகிப் பிசுபிசுத்தது. பிரித்தால் உள்ளே ஒரு ரிலே. அப்போதுதான் நினைவு வந்தது: அப்பா முன்பு அலாரம் போட்டிருந்தார். அந்தக் காலத்தில் சாகா, வீரா வண்டிகள் திருட்டுப் போவது சர்வசாதாரணம். அலாரம் இல்லாமல் வைத்திருக்கப் பயப்படுவார்கள். அலாரத்தோடு எஞ்சின் கட் என்று ஒன்றையும் சேர்த்துப் பொருத்துவார்கள். காயிலுக்குப் போகும் வயரை நடுவில் வெட்டி, ஒரு முனையை ரிலேயின் 30 என்ற காலிலும் மறுமுனையை 87ஏ என்ற காலிலும் மாட்டிவிடுவார்கள். அலாரம் விழித்தால் ரிலே இழுத்து இணைப்பைப் பிரிக்கும், எஞ்சின் ஓடாது. மற்ற நேரமெல்லாம் காயிலின் மின்சாரம் அந்த ரிலேயின் தொடுப்பு வழியாகத்தான் போயாக வேண்டும். எங்கள் அலாரம் செத்துப் பல வருடம் ஆகிறது. ரிமோட்டே கையில் இல்லை. ரிலே மட்டும் இத்தனை காலமும் பாரத்தைச் சுமந்துகொண்டிருந்தது.

வயரை வெட்டி, வெறும் கையால் முறுக்கி, டேப் சுற்றிய இணைப்பு. சாலிடரும் இல்லை, கிளிப்பும் இல்லை. செம்பு பச்சை பூத்துப் பொடிந்திருந்தது. ரிலேயின் 87ஏ கால் பிளாஸ்டிக்கோடு பழுப்பாகக் கருகியிருந்தது. விண்ட்ஸ்கிரீன் ரப்பர் பெருமழையில் ஒழுகும், அந்தத் தண்ணீர் இறங்கும் வழியிலேயே கொத்து தொங்கியிருக்கிறது. வெயிலில் ஏன் நின்றது என்பதற்கும் மாமாவிடம் விளக்கம் இருந்தது. மோசமான இணைப்பு தானே சூடாகும். மூடிய காருக்குள் டேஷ்போர்டும் கொதித்தால் தளர்ந்த கால் இன்னும் விலகும். ஆறியதும் மறுபடி தொட்டுக்கொள்ளும். மாட்யூலின் குணம் என்று எல்லாரும் சொன்னது இதன் குணமாகவும் இருந்தது.

ரிலேயை எடுத்துவிட்டு, அழுகிய நீளத்தைச் சுத்தமான செம்பு தெரியும்வரை வெட்டி, அதே தடிமனில் துண்டு வயர் சேர்த்தோம். சாலிடர் வைக்கலாம் என்றேன். அதிரும் வண்டியில் சாலிடர் வைத்த இடத்தின் ஓரத்தில் வயர் முறியும் என்று மாமா வயரின் மேல் நசுக்கி இறுக்கும் கிரிம்ப் ஸ்லீவ்தான் போட்டார், மேலே சூட்டில் சுருங்கும் குழாய். பல்பை மாட்டிப் பார்த்தோம், கண் கூசியது. செலவு ஒரு வேளை நாசி கண்டார் அளவுக்குக்கூட வரவில்லை. (நாசி கண்டார் தனியாக, என் செலவில், ஜாலான் பேராக்கில்.)

பேட்டரியிலிருந்து நேரடி வயர் போட்டும் பிடிக்காமல் இருந்திருந்தால் அடுத்து மாட்யூலைத்தான் சோதித்திருப்போம். சோதனை விளக்கின் ஒரு முனையைப் பேட்டரி பிளஸ்ஸிலும் மறுமுனையைக் காயில் மைனஸிலும் வைத்துச் சாவியைத் திருப்பினால், மாட்யூல் வேலை செய்யும் வண்டியில் விளக்கு துடிக்கும். துடிக்காமல் எரிந்தபடியே நின்றாலோ அணைந்தே கிடந்தாலோ மாட்யூல், அதற்குச் சைகை தரும் பிக்கப், டிஸ்ட்ரிபியூட்டரின் எர்த் இவற்றில் ஒன்று. ஆர்பிஎம் முள் இருக்கும் வண்டியில் சுற்றும்போது முள் லேசாகத் துள்ளுகிறதா என்று பார்ப்பதும் அரைகுறையாக இதையே சொல்லும். சூட்டில் மட்டும் போகும் மாட்யூல் என்று சந்தேகம் இருந்தால், குளிர்ந்த வண்டியில் மூடியைக் கழற்றி ஹேர் ட்ரையரால் சூடேற்றிவிட்டு விளக்குச் சோதனையைத் திரும்பச் செய்யலாம். மாட்யூலை மட்டும் கழற்றி மாற்றக்கூடிய டிஸ்ட்ரிபியூட்டர் என்றால் அதன் முதுகில் வெப்பம் கடத்தும் பசை பூசாமல் மாட்டாதீர்கள். மாட்டும்போது அதைத் துடைத்து எறிந்துவிடும் கடைகள் உண்டு. புது மாட்யூல் சில மாதத்தில் திரும்பச் சாகும்.

பேட்டரியையும் மறக்க வேண்டாம். கொங் ஆகும், அதாவது சாகும் நிலையில் உள்ள பேட்டரி ஸ்டார்ட்டரைச் சுற்றிவிடும், ஆனால் அந்த நேரத்தில் வோல்ட் 9.6-க்கும் கீழே விழுந்தால் ஸ்பார்க்குக்கு மிச்சம் இருக்காது. சுற்றும்போது மீட்டரைப் பேட்டரியில் வைத்துப் பார்த்துவிட்டே மற்றதைத் தொடங்குங்கள்.

பழைய சாகா, இஸ்வாரா, வீரா எதையாவது இரண்டாம் கையில் வாங்கியவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்துப் பாருங்கள். வயர்க்கட்டோடு சேராமல் தனியே டேப் சுற்றித் தொங்கும் எதுவும் பின்னால் யாரோ சேர்த்தது. அலாரம் வேலை செய்யவில்லை என்றால் ரிலேயையும் கழற்றி வயரை நேராக இணைத்துவிடுங்கள், அல்லது நல்ல வயர்மேனிடம் கொடுங்கள். திருட்டுப் பயத்துக்கு நான் ஸ்டீயரிங் பூட்டு வாங்கிவிட்டேன். பிரேக் பல்பும் இரண்டு முதலை வாய் கிளிப்பும் இப்போது என் டேஷ்போர்டு பெட்டியில் இருக்கின்றன. மாமா திரும்பக் கேட்டார், கொடுக்கவில்லை.